உச்சி வெயிலில் செங்கல் வண்டி: தில்லியில் நம் குடியிருப்புகள் என்ன செய்யலாம்?

யமுனைக்கரை எழுதியது:

மயூர் விஹார், பட்பர்கஞ்ச், வசுந்தரா என்க்ளேவ் பக்கம் குடியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறை நெருங்குகிறது. அடுக்ககங்களில் வீடு புதுப்பிக்கும் வேலைகளும் அதோடு சேர்ந்தே தொடங்கும். தில்லிக்குள் பகலில் லாரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, டெம்போ வாடகையும் அதிகம். எனவே செங்கல், மணல், சிமென்ட் எல்லாம் இன்றும் கோவேறு கழுதை வண்டிகளில் வருகின்றன. மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போதும் அவை நிற்பதில்லை. மேம்பாலத்தின் ஏற்றத்தில் கால் சறுக்க, வாயில் நுரை தள்ள, முதுகில் சாட்டை விழ அந்தப் பிராணிகள் ஏறுவதை இங்கே பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது எனக்கு இனி முடியாது.

இது சட்டத்தில் இடமில்லாத கொடுமை என்று பலர் நினைக்கிறார்கள். இடம் இருக்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ், 1965-இல் இழுவை விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் தனி விதிகள் வந்தன. வெப்பநிலை 37 டிகிரியைத் தாண்டும் பகுதிகளில் நண்பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையே எந்த விலங்கையும் வண்டியில் பூட்டக்கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடையில் ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. குதிரையோ கோவேறு கழுதையோ இழுக்கும் இரண்டு சக்கர வண்டியில், காற்றடைத்த டயர் இருந்தால் 750 கிலோ, இல்லாவிட்டால் 500 கிலோ வரைதான் ஏற்றலாம். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத செங்குத்தான ஏற்றமுள்ள பாதை என்றால் அதிலும் பாதிதான்.

செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. ஆகவே 750 கிலோ என்பது 250 செங்கல், அல்லது 15 மூட்டை சிமென்ட். அடுத்த முறை உங்கள் வாசலில் வண்டி நிற்கும்போது எண்ணிப் பாருங்கள்.

நண்பகல் முதல் மூன்று மணி வரை வளாகத்துக்குள் விலங்கு வண்டிகளில் சரக்கு இறக்குவதில்லை என்று ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் தீர்மானம் போட வேண்டும் என்பது என் யோசனை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


லோதி சாலை எழுதியது:

நல்ல யோசனை. ஆனால் காவல் நிலையத்தை நம்பி இதில் இறங்காதீர்கள். சென்ற கோடையில் கழுத்துப் புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருந்த ஒரு குதிரையின் படத்தோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். பணியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "வழக்குப் போட்டால் அவனுக்கு ஐம்பது ரூபாய் அபராதம், நீங்கள் நீதிமன்றத்துக்கு நடந்து நடந்து ஓய்ந்துபோவீர்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது.


தீஸ் ஹசாரி எழுதியது:

வழக்கறிஞராகத் தொழில் செய்பவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

ஐம்பது ரூபாய் உண்மை. சட்டத்தின் 11-ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் எழுதிய தொகை இன்னும் மாறவில்லை. அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, புண்ணோடு வேலை வாங்குவது ஆகியவற்றில் காவலர்கள் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாது. நிலையங்களில் ஆர்வமின்மை இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனாலும் அவர்களிடம் அதிகாரமே இல்லை என்று எண்ண வேண்டாம். 34-ஆவது பிரிவின்படி, குற்றம் நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட நிலையிலுள்ள அதிகாரி விலங்கைக் கைப்பற்றி நீதித்துறை நடுவரிடமோ கால்நடை மருத்துவ அதிகாரியிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். சுமை அதிகம் என்று சந்தேகித்தால் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல 1965 விதிகளிலேயே இடமுண்டு. இதை எழுத்தில், பிரிவு எண்ணோடு கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும். புகாரைக் காவல் நிலைய நாட்குறிப்பில் பதிவு செய்யச் சொல்லி, அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு அப்படிப் பதிவு செய்ய வழி செய்கிறது. அங்கிருந்து நடுவரிடம் நேரடியாகப் புகார் மனு கொடுக்கலாம்.

லோதி சாலை அவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தச் சட்டத்தில் குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல ஆதாரம் இருந்தாலும் பயனில்லை. காணொளி எடுத்தால் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுருங்கி வந்த நகலை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது கடினம்.

வேண்டுமென்றே கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ கதை வேறு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் மதிப்பு 10 ரூபாயா 50 ரூபாயா என்று பார்த்துத் தண்டனையைப் பிரித்திருந்தார்கள். 2024 ஜூலை முதல் அந்தப் பாகுபாடு போய்விட்டது. அது காவலர்கள் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம்.


மேஸ்திரி மகன் எழுதியது:

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். நான் வண்டி ஓட்டுகிறவனைப் பற்றிப் பேசுகிறேன்.

என் அப்பா விழுப்புரத்திலிருந்து தில்லிக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். எங்கள் உறவினர்கள் ஜங்புரா மதராசி கேம்ப்பில் இருந்தார்கள். 2025 ஜூன் முதல் நாள் அந்த வீடுகளை இடித்தபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஏழையின் வாசலுக்குச் சட்டம் எவ்வளவு வேகமாக வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவேறு கழுதை வண்டி ஓட்டுபவர்களில் பலர் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களிலிருந்து கடன் வாங்கிப் பிராணியை வாங்கி வந்தவர்கள். நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நடை குறைந்தால் அடுப்பு எரியாது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு "பன்னிரண்டு முதல் மூன்று வரை வராதே" என்று தீர்மானம் போட்டால், அவன் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே போய் ஈடுகட்டுவான்? காலை நடையில் இன்னும் நூறு செங்கல் கூடுதலாக ஏற்றுவான். பிராணிக்கு நீங்கள் செய்த நன்மை அதோடு போயிற்று.

எனக்கும் அந்தப் பிராணியைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அவனைக் குற்றவாளியாக்கி இதை முடிக்க முடியாது.


யமுனைக்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நான் கை நீட்டுவது வண்டிக்காரரை நோக்கி அல்ல. விதியின் வாசகத்தைப் பாருங்கள்: சுமையைத் தானே ஏற்றுபவர் மட்டுமல்ல, ஏற்றச் செய்பவரும் அதை மீறியவர்தான். சட்டத்தின் 11-ஆவது பிரிவும் அப்படியே, செய்பவரையும் செய்விப்பவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. இங்கே செய்விப்பவர் யார்? 750 கிலோவுக்கு மேல் ஏற்றி அனுப்பும் கட்டுமானப் பொருள் கடைக்காரர். "இன்றைக்கே, ஒரே நடையில் வேண்டும்" என்று தொலைபேசியில் அவசரப்படுத்தும் ஒப்பந்ததாரர். அந்த ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும் நாம். சாட்டை ஒருவர் கையில் இருக்கிறது, அவசரம் நம்முடையது.

அதனால்தான் காவல் நிலையத்தைவிடக் குடியிருப்போர் சங்கம் முக்கியம் என்று நினைக்கிறேன். வீடு புதுப்பிக்க அனுமதி கொடுப்பது சங்கம்தான். வேலை நேரம், இடிபாடு அகற்றும் முறை, முன்பணம் எல்லாவற்றுக்கும் நிபந்தனை வைக்கிறோம். சரக்கு எப்படி வர வேண்டும் என்பதற்கு நிபந்தனை வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கூலி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. அதற்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்கள், தீர்மானத்தில் சேர்ப்போம்.


நாமக்கல் கால்நடை மருத்துவர் எழுதியது:

ஓய்வுக்குப் பிறகு மகளோடு துவாரகாவில் இருக்கிறேன். பணிக்காலத்தில் குதிரைகளையும் கழுதைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே பேச்சு சட்டத்தைச் சுற்றியே போகிறது. பிராணியின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

குதிரை இனம் வியர்த்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஓய்வில் இருக்கும் குதிரைக்கே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். வெயிலில் சுமை இழுத்தால் அதைவிட மிக அதிகம். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புக் கலந்த தண்ணீரும் தனியாக வைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும். குதிரை இனத்தால் வாந்தி எடுக்க முடியாது. நமக்குச் சாதாரணமாகப் போய்விடும் வயிற்றுவலி அதற்கு உயிர்போகும் வேதனை, பல நேரம் உயிரே போய்விடும்.

மூக்குத் துளைகள் விரிந்து, நின்ற பிறகும் மூச்சு அடங்காமல் இருக்கிறதா, ஈறு வெளிர் இளஞ்சிவப்பு நிறம் மாறிக் கருஞ்சிவப்பாக இருக்கிறதா, கொளுத்தும் வெயிலில் வியர்வையே நின்றுவிட்டதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தான அறிகுறி. தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெதுவாகப் படிந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

விழுந்துவிட்டால் பலரும் செய்யும் முதல் காரியம் வாலை முறுக்குவதும் அடிப்பதும். முதலில் வண்டியின் பாரத்தை இறக்குங்கள், அல்லது வாரை அறுத்து ஏர்க்காலிலிருந்து பிராணியை விடுவியுங்கள். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். ஈரச் சாக்கை மேலே போட்டு விட்டுவிடாதீர்கள். அது சூட்டை அடைத்துவைக்கும். எழுந்து நின்ற பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாக, அடிக்கடி காட்டுங்கள். படுத்திருக்கும்போது வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

கடிவாளத்தையும் கவனியுங்கள். முள் வைத்த கடிவாளம், ஆணி வைத்த குச்சி இரண்டையும் அதே 1965 விதிகள் தடை செய்கின்றன. நம் ஊர் வண்டிகளில் தார்க்குச்சி வைத்திருப்பார்கள், நுனியில் ஆணி அடித்திருக்கும். அதுவும் இந்தத் தடைக்குள்தான் வரும். வாயோரம் இரத்தக் கசிவு தெரிந்தால் முள் கடிவாளம் என்று சந்தேகப்படலாம். வண்டிக்காரரிடம் பேசி அதை மாற்றச் செய்வது வழக்கை விட எளிது. வழவழப்பான கடிவாளத்தை நாமே வாங்கிக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள்.


முனிர்க்கா மாணவி எழுதியது:

எனக்குத் தோன்றுவது கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். நேரக் கட்டுப்பாடு, எடைக் கட்டுப்பாடு எல்லாம் கொடுமையை ஒழுங்குபடுத்துகின்றன, நிறுத்துவதில்லை. 2010-இல் தில்லி மாநகராட்சி டோங்கா குதிரை வண்டிகளை நிறுத்தியது. மும்பையில் விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிப்படியாக நிறுத்த ஓராண்டு அவகாசமும் கொடுத்தது. 2021-இல் அங்கே மின்சார விக்டோரியா வண்டிகள் ஓடத் தொடங்கின. தில்லியில் பீட்டா இந்தியா அமைப்பு மாட்டு வண்டிக்காரர்களுக்கு பேட்டரி ரிக்‌ஷா மாற்றிக் கொடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. சரக்குக்கும் பேட்டரி வண்டி வந்துவிட்ட காலத்தில் நாம் ஏன் இன்னும் கிலோக் கணக்குப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்?


மேஸ்திரி மகன் எழுதியது:

தங்கையே, மும்பையில் தீர்ப்பு 2015, மாற்று வண்டி 2021. நடுவில் ஆறு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் என்ன சாப்பிட்டிருக்கும்? தடையும் மாற்று வண்டியும் ஒரே நாளில் கையில் வர வேண்டும். அப்படி ஒரு திட்டம் வந்தால் முதல் ஆளாக நானே வண்டிக்காரர்களிடம் போய்ப் பேசுகிறேன்.


நாமக்கல் கால்நடை மருத்துவர் எழுதியது:

மாணவியின் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியிலிருந்து அவிழ்த்த பிராணி எங்கே போகும்? காப்பகம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் விற்பார்கள், வாங்குகிறவர் அதைச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோவார். சூளையில் தார்ச்சாலைகூடக் கிடையாது, புழுதியும் பள்ளமும்தான், கேட்பாரும் இல்லை. மாற்று வண்டி கொடுக்கும்போதே பிராணியை எழுத்துமூலம் ஒப்படைக்கச் சொல்வதுதான் சரியான முறை. உத்தரப் பிரதேசத்துச் சூளைகளில் புரூக் இந்தியா போன்ற அமைப்புகள் உரிமையாளர்களோடு உட்கார்ந்து பேசி, லாடம் அடிப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது, நிழலும் தண்ணீரும் ஏற்பாடு செய்வது என்று வேலை செய்கின்றன. மெதுவான வேலைதான். ஆனால் இன்று உயிரோடு இருக்கும் பிராணிக்கு இன்றே பயன்படுவது அதுதான்.


காவிரிக்கரை எழுதியது:

முதலில் ஜல்லிக்கட்டு பற்றி உங்கள் நிலை என்ன என்று எல்லோரும் சொல்லுங்கள், பிறகு கழுதைக்கு அழலாம்.


நெறியாளர்:

ஜல்லிக்கட்டுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே பார வண்டிகளைப் பற்றி மட்டும்.


தீஸ் ஹசாரி எழுதியது:

நெறியாளர் அனுமதித்தால் இந்த இழைக்குத் தேவையான ஒரு வரி மட்டும். 2014 மே 7-ஆம் தேதி, ஜல்லிக்கட்டைத் தடை செய்த நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், பசி தாகத்திலிருந்தும் வலியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுதலை என்பன போன்ற ஐந்து சுதந்திரங்களைச் சட்டத்தின் 3, 11 பிரிவுகளோடு சேர்த்துப் படித்தது. 2023-இல் அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது வேறு கேள்வி. ஜல்லிக்கட்டில் எந்தப் பக்கம் நிற்பவராக இருந்தாலும், பிராணியைப் பராமரிக்கும் கடமை பற்றிய 3-ஆவது பிரிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும்.


மலை மந்திர் மாமி எழுதியது:

நான் ஆர்.கே.புரத்தில் நெடுங்காலமாக இருப்பவள். ஐம்பது ரூபாய் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அந்தச் சட்டத்தையே கேட்டு வாங்கியவர் நம்மவர் என்பதை இந்தத் தலைமுறைக்கு யாராவது சொல்ல வேண்டும். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக வந்தார். விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவுக்கு மாறும்வரை சென்னையில்தான் இருந்தது.

அவர் அன்று போராடி வாங்கிய தொகை அன்றைக்குப் பெரிய தொகை. அதை அப்படியே விட்டுவைத்தது நம் எல்லோருடைய தலைமுறை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. மிகக் கொடிய வதைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 75,000 ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் அதில் இருந்தது. இன்னும் சட்டமாகவில்லை. தில்லியில் இருக்கிறோம், நாடாளுமன்றம் பஸ் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பலர் கோவிலுக்கு வருகிறார்கள். அவர்களிடம் பொங்கல் பிரசாதத்தோடு ஒரு மனுவையும் கொடுக்க நான் தயார். யாராவது நல்ல தமிழில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடுங்கள்.


தீஸ் ஹசாரி எழுதியது:

மாமி, நான் எழுதித் தருகிறேன். ஆனால் அந்த வரைவை அப்படியே நிறைவேற்றக் கேட்பதில் எனக்குத் தயக்கம். பெரிய தண்டனை மிகக் கொடிய வதைக்குத்தான். உயிரோ அவயவமோ போகும் அளவுக்கு நடந்தால்தான் அது பொருந்தும். அன்றாடம் நடக்கும் சுமை, வெயில், புண் எல்லாம் அதற்கு வெளியேதான் நிற்கும். மனுவில் இரண்டு கோரிக்கைகள் வைப்போம். சுமை மீறலில் முதல் பொறுப்பு சரக்கு ஏற்றிய கடைக்காரருக்கும் ஒப்பந்ததாரருக்கும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். வசூலாகும் அபராதம் அந்தப் பிராணியின் சிகிச்சைக்குப் போக வேண்டும்.


மேஸ்திரி மகன் எழுதியது:

கடைக்காரர் பொறுப்பு என்று எழுதினால் என் கையெழுத்தும் உண்டு.


யமுனைக்கரை எழுதியது:

இதுவரை வந்தவற்றைச் சேர்த்துத் தீர்மானத்தின் வாசகத்தைக் கீழே தருகிறேன். வளாக வாசலில் தண்ணீர்த் தொட்டி கட்டலாம் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். மருத்துவர் ஐயா, அது சரியா?

"வீடு புதுப்பிக்க அனுமதி பெறுபவர், ஏப்ரல் முதல் ஜூலை வரை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை விலங்கு வண்டியில் சரக்கு வரவழைக்க மாட்டேன் என்றும், ஒரு வண்டிக்கு 250 செங்கல் அல்லது 15 மூட்டை சிமென்டுக்கு மேல் ஏற்றச் சொல்ல மாட்டேன் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். கடை ரசீதில் நடைவாரியாக எண்ணிக்கை இருக்க வேண்டும். மீறினால் முன்பணத்திலிருந்து சங்கம் பிடித்தம் செய்யும். காயமோ நொண்டலோ உள்ள பிராணி வந்தால் காவலாளி செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரக்கை இறக்கிய பிறகே பேச வேண்டும், பாரத்தோடு நிறுத்திவைக்கக் கூடாது."


நாமக்கல் கால்நடை மருத்துவர் எழுதியது:

பொதுத் தொட்டி வேண்டாம். குதிரை இனத்துக்கு கிளாண்டர்ஸ் என்று ஒரு தொற்றுநோய் உண்டு, மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் பிராணியைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வழியில்லை. தில்லியிலும் அது தென்பட்டிருக்கிறது. பல பிராணிகள் ஒரே தொட்டியில் வாய் வைத்தால் வேகமாகப் பரவும். தேங்கிய நீரில் டெங்குக் கொசுவும் வரும். வாசலில் ஒரு குழாய் போடுங்கள். வண்டிக்காரர் தன் வாளியில் பிடித்துக் காட்டட்டும். வாளி இல்லாதவருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவரே வைத்துக்கொள்ளட்டும். குழாய்க்கு மேலே நிழலுக்கு ஒரு தகரக் கூரையும் போட்டால் ஓட்டுபவரும் உட்காரலாம்.


மேஸ்திரி மகன் எழுதியது:

தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். நடைகள் கூடுவதால் ஆகும் கூடுதல் கூலியை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும், அதுவும் ஒப்பந்ததாரர் வழியாக அல்ல, வண்டிக்காரர் கையில். ஒப்பந்ததாரர் கைக்குப் போனால் அவனிடம் வந்து சேராது. 400 செங்கல் ஒரே நடையில் வந்த இடத்தில் இனி இரண்டு நடை ஆகும்; அந்த இரண்டாவது நடையின் கூலிதான் இந்தத் தீர்மானத்தின் விலை. அதைக் கொடுக்க மனமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு கடைப்பக்கம் வாருங்கள். இந்தியில் நானே எல்லோரிடமும் விளக்குகிறேன்.


யமுனைக்கரை எழுதியது:

குழாய், கூரை, கூலி மூன்றையும் சேர்த்துவிட்டேன். எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இது முதல் பொருளாக வைக்கப்படும். மற்றக் குடியிருப்புகளில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருப்பவர்கள் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் தேவையில்லை. தம்பி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன். வெயில் ஏறும் முன் அவர்கள் வண்டி பூட்டும் நேரம் அதுதானே.


லோதி சாலை எழுதியது:

நானும் வருகிறேன். என்னிடமுள்ள அந்தக் குதிரையின் படங்களுக்கு மூன்று மாதக் கெடு கடந்துவிட்டது, வழக்குக்கு ஆகாது. ஆனால் கழுத்து வாரின் உரசலால் புண் எங்கே வருகிறது என்பது அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. மருத்துவர் ஐயா பார்த்து எந்த இடத்தில் துணி வைத்துத் தைக்க வேண்டும் என்று சொன்னால், கரோல் பாக்கில் எனக்குத் தெரிந்த தோல் வேலைக்காரரிடம் மெத்தை வைத்த வார்கள் செய்யச் சொல்கிறேன். செலவு என்னுடையது.